மறதியெல்லாம் மூப்பன்று: டாக்டர் சுப்பாராவ் வாழ்க்கை வரலாறு

விண்ணில் பறந்தவர்களை நாம் அறிவோம். அணுவைப் பிளந்தவர்களை அறிவோம். ஆனால் சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, கடல் கடந்து சென்று, கோடிக்கணக்கான நோயாளிகளுக்கு மருந்து தேடித் தந்துவிட்டு, ஐம்பத்து மூன்றாம் வயதில் அயல்நாட்டு மண்ணில் தனியே கண்மூடிய யெல்லாப்பிரகட சுப்பாராவை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? நானும் அறிந்திருக்கவில்லை. என் ஆயாவின் மறதிதான் அவரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது.

தவளக்குப்பத்தில் எங்கள் தெருப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து போட்ட மாதச் சீட்டுக்கு ஆயாதான் கணக்கு. நோட்டுப் புத்தகம் கிடையாது. யார் எப்போது எடுத்தார், யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் மனத்திலேயே இருக்கும். அப்படிப்பட்டவர் எழுபத்திரண்டாம் வயதில் கொடுத்தவரிடமே மீண்டும் பணம் கேட்டார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தம் சுருக்குப் பையை யாரோ எடுத்துவிட்டதாக மருமகளைச் சந்தேகப்பட்டார். நடக்கும்போது காலிலிருந்து செருப்பு நழுவிப் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறதென்று சொன்னார். நாக்கு வழவழத்துச் சிவந்து, காரம் பட்டால் எரிந்தது. வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம். முகம் வெளுத்திருந்ததைக் கண்டு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். சில வாரங்களில் முகத்தில் இரத்தம் ஏறியது. மனமோ மேலும் மேலும் கலங்கிக்கொண்டே போயிற்று.

இதை எங்கள் வேதியியல் விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னபோது, அந்த மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் கொடுத்த குழுவின் தலைவர் யார் தெரியுமா என்று கேட்டார். அன்று தொடங்கியதுதான் இந்தத் தேடல்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. ஏழு பிள்ளைகளுள் நான்காமவர். வீட்டில் செல்வம் இல்லை. பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமும் இல்லை. பதின்மூன்று வயதில் காசிக்குப் புறப்பட்டுவிட்டாராம்; அங்கே வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்பது திட்டம். தாய் விடவில்லை. பிடித்து வந்து மறுபடியும் பள்ளியில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார். (அரியர்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இரண்டாம் முறை படித்துக்கொள்ளலாம்.) மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தபோது கணக்கில் வல்லவரானார். உள்ளமோ இராமகிருஷ்ண மடத்தை நாடிற்று. துறவியாக விரும்பினார், தாய் இசையவில்லை. மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்னும் அறிவுரையை ஏற்று, 1915-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

விடுதலை வேட்கை கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. சுப்பாராவ் கதர்த் துணியில் தைத்த அங்கியை அணிந்து அறுவை வகுப்புக்குச் சென்றார். அறுவைத் துறைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகவே எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் இடம் கிடைக்கவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலைக்குப் போனார்.

அவர் வாழ்க்கையைத் திசை திருப்பியது வேறொன்று. ஸ்ப்ரூ எனப்படும் நோய், நம் ஊர் வைத்தியர்கள் கிராணிக் கழிச்சல் என்பார்களே, அவ்வகையைச் சேர்ந்தது. தின்ற சோறு உடம்பில் ஒட்டாது, வயிறு போய்க்கொண்டே இருக்கும், நாக்கு புண்ணாகும், இரத்தம் வற்றிச் சோகை பிடிக்கும். அந்த நோய்க்கு அவருடைய அண்ணனும் தம்பியும் சில நாட்கள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகப் பலியானார்கள். சுப்பாராவையும் அது பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் மருத்துவத்தால் அவர் பிழைத்தார். படித்த மருத்துவம் உடன்பிறந்தாரைக் காக்கவில்லை. தம்மைக் காத்த மருந்து எப்படி வேலை செய்தது என்று சொல்லவும் ஆளில்லை. இந்த இரண்டும் அவர் மனத்தில் முள்ளாய்த் தைத்தன.

மாமனார் திரட்டிய பணத்தையும் காக்கிநாடாவிலுள்ள அறக்கட்டளை ஒன்றின் உதவியையும் நம்பி, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர் போய்ச் சேர்ந்தார். இளம் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுச் சென்றார். அவர் போன பிறகு மகன் பிறந்தான். குழந்தைப் பருவத்திலேயே இறந்தும் போனான். சுப்பாராவ் அதன்பின் தாயகம் திரும்பவே இல்லை. அவரைப் புகழ்ந்து எழுத வந்த எனக்கு இந்த ஓரிடத்தில் மட்டும் பேனா ஓடவில்லை. கணவன் வருவான் என்று கால் நூற்றாண்டு காத்திருந்த அந்த அம்மையாருக்கு எந்த மருந்தும் ஈடாகாது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்களுக்கான படிப்பில் சேர்ந்தார். சோற்றுக்கு வழி வேண்டுமே! பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக நோயாளிகளின் மலச்சட்டிகளை அப்புறப்படுத்தும் வேலை பார்த்தார். மருத்துவம் படித்தவர் செய்த வேலை அது. அதே மருத்துவமனையில்தான் மைனாட், மர்ஃபி என்னும் இரு மருத்துவர்கள், 1926-இல், உயிர்க்கொல்லிச் சோகை நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரலை உண்ணக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். இதற்காக அவர்கள் 1934-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஈரலில் இருக்கும் அந்த உயிர்ப்பொருள் எது என்று அன்று யாருக்கும் தெரியாது.

உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் சேர்ந்த சுப்பாராவ், 1925-இல், இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிறத்தைக் கொண்டு அளக்கும் முறையை அவரோடு சேர்ந்து வெளியிட்டார். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று வேதியியல், உயிர்வேதியியல் நண்பர்கள் ஆய்வகத்தில் செய்வது இதுதான். தசையில் பாஸ்போகிரியாட்டினையும், உடம்பின் ஆற்றல் நாணயம் போன்ற ஏ.டி.பி.யையும் அவர்கள் கண்டறிந்தார்கள், ஏ.டி.பி.யை அதே 1929-இல் ஜெர்மனியில் லோமான் என்பவரும் கண்டார். 1930-இல் சுப்பாராவ் பிஎச்.டி. பட்டம் பெற்றார். ஈரலில் ஒளிந்திருந்த அந்தச் சோகை மருந்தைப் பிரித்தெடுக்கவும் 1930-களில் முயன்றார். கை நழுவிக்கொண்டே இருந்தது. இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி தரப்படவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே மருந்து ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். விரைவில் ஆய்வுத்துறைத் தலைவரானார்.

இப்போது கதை நம் நாட்டுக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கு வரும் கடுஞ்சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் ஆய்வு செய்தார். மார்மைட் எனப்படும் ஈஸ்ட் சாறு அதனைக் குணப்படுத்துவதைக் கண்டார். 1941-இல் டெக்ஸாஸ் அறிஞர்கள் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து துளியளவு பொருளைப் பிரித்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். கீரையை நம்பியா உலகத்துக்கு மருந்து தருவது? லெடர்லேயில் சுப்பாராவின் தலைமையில் உழைத்த வேதியியலாளர் குழு அதன் அமைப்பைக் கண்டு, 1945-இல் செயற்கையாகவே உருவாக்கிவிட்டது. கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது. நாக்குப் புண் ஆறிற்று, பசி எடுத்தது, இரத்தம் ஊறிற்று. தம் அண்ணனையும் தம்பியையும் கொண்டுபோன நோய்க்கு எதிராகத் தம் ஆய்வுக்கூடத்திலிருந்தே மருந்து புறப்பட்டதைச் சுப்பாராவ் கண்ணாரக் கண்டார்.

வரலாறு இத்துடன் நின்றிருந்தால் மேடைப் பேச்சுக்கு நன்றாயிருக்கும். நிற்கவில்லை. ஈரலை உண்டு பிழைத்துவந்த உயிர்க்கொல்லிச் சோகை நோயாளிகளுக்கும் ஈரலுக்குப் பதிலாக ஃபோலிக் அமிலம் தரப்பட்டது. இரத்தம் தேறியது, மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். அடுத்த இரண்டாண்டுகளுக்குள் அவர்களுள் பலருக்குக் கால் மரத்தது, நடை தள்ளாடியது, சிலருக்கு மனம் குழம்பியது. இரத்தச் சோதனை நலம் என்றது. முதுகுத் தண்டுவடமும் நரம்புகளும் கெட்டுக்கொண்டிருந்தன. ஈரலில் இருந்தது ஃபோலிக் அமிலம் மட்டுமன்று, இன்னொன்றும் இருக்கிறது என்பது அப்போது உறுதியாயிற்று. பெரும் வெற்றிக்குள் இருந்த இந்த ஓட்டையை மறைக்காமல் மருத்துவர்களே ஆய்விதழ்களில் எழுதியதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த இன்னொன்று 1948 ஏப்ரலில் அகப்பட்டது. அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தாரும், இங்கிலாந்தில் கிளாக்ஸோ நிறுவனத்து லெஸ்டர் ஸ்மித்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஈரலிலிருந்து சிவப்புப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். கோபால்ட் என்னும் உலோகத்தை உள்ளே வைத்திருப்பதால் அந்தச் சிவப்பு. அதுவே வைட்டமின் பி-12. சுப்பாராவ் ஹார்வர்டில் துரத்திய பொருள் வேறு கைகளில் சிக்கிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் இரவு உறங்கச் சென்றவர் எழவில்லை, மாரடைப்பு. லெடர்லேயில் அவர் இருந்த எட்டாண்டுகளுக்குள் வெளிவந்தவற்றை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது: குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலாகத் தற்காலிகமாகவேனும் அடக்கிய அமினாப்டெரின், டக்கர் கண்டெடுத்த ஆரியோமைசின், யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான், அதாவது டி.இ.சி. இந்தக் கடைசிப் பெயரைப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யானைக்கால் நோயால் துன்புற்ற ஊர் இது. கொசுவழி நோய்களை ஆராய 1975-இல் நடுவண் ஆய்வு மையம் ஒன்று இங்கேயே தோன்றியது. வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையை விழுங்கியவர்களுள் ஆயாவும் ஒருவர். ஆக, சுப்பாராவின் மருந்துகள் இரண்டு அவர் வயிற்றுக்குள் போயிருக்கின்றன. ஒருவரின் பெயரும் அவருக்குத் தெரியாது.

பி-12 விட்டுச்சென்ற கேள்விகளுக்கு விடை காண இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2 மைக்ரோகிராம் அளவே. செடிகொடிகளில் அது இல்லை, நுண்ணுயிர்கள் செய்கின்றன, மீன், இறைச்சி, முட்டை, பால் வழியாக நமக்கு வருகிறது. வயிற்றில் சுரக்கும் ஒரு பொருளின் துணையின்றிக் குடல் அதை ஏற்பதில்லை. வயது ஏற ஏற வயிற்றின் சுரப்பும் குறைகிறது. ஈரலில் சேமிப்பு இருப்பதால், வரவு நின்றாலும் குறை வெளிப்பட ஆண்டுகள் ஆகும். மெல்ல மெல்ல வருவதால்தான் அதை மூப்பு என்று எண்ணி ஏமாறுகிறோம். காய்ச்சலைப்போல் ஒரே நாளில் வந்திருந்தால் ஆயாவை அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருப்போமே!

இரத்த அணுக்கள் உருவாகப் ஃபோலேட் வேண்டும்; அந்தப் ஃபோலேட்டைப் பயன்படும் வடிவுக்கு மாற்றப் பி-12 வேண்டும். ஃபோலிக் அமிலத்தை மாத்திரையாக நிறையக் கொடுத்தால் பி-12 இல்லாமலேயே இரத்தம் ஓரளவு ஊறிவிடும். ஆனால் நரம்புகளின் மேலுறையைப் பேணும் வேலையைப் ஃபோலிக் அமிலம் செய்யாது. வெளுத்த முகம் என்னும் எச்சரிக்கை மட்டும் அழிந்துபோகும். 1946-இல் அமெரிக்க நோயாளிகளுக்கு நடந்ததுதான் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் நடந்தது. இரத்தம் குறையாமலே நரம்பும் மனமும் கெடக்கூடும் என்பதை 1988-இல் லிண்டன்பாம் என்னும் அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் எடுத்துக் காட்டினார்கள். பி-12 குறைவால் நரம்பு, மனக் கோளாறு கண்ட 141 பேரில் 40 பேருக்குச் சோகையோ, பருத்த இரத்த அணுக்களோ இல்லை.

நம் பக்கத்து வேலூரிலும் இதில் பெரும் பணி நடந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாதன் முதலியோர் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் ஸ்ப்ரூ நோயைப் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். 1962-இல் அங்கிருந்து வந்த ஒரு கட்டுரை, பி-12 குறைந்த தாய்மாரின் பாலையே குடித்து வளர்ந்த கைக்குழந்தைகள் சிரிப்பை மறந்து, கற்றதை இழந்து, கைகால் நடுங்கிக் கிடந்ததையும், பி-12 கொடுத்ததும் தேறியதையும் விவரித்தது. முதுமையே எட்டிப்பாராத பச்சிளங்குழந்தையின் மூளையையும் இக்குறை மழுங்கடிக்கிறது என்றால், முதியவரின் மறதிக்கு முதுமையை மட்டும் குற்றவாளியாக்குவது எப்படிச் சரியாகும்?

ஆயாவைப் பிறகு வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இளைஞர். இயற்பியல் ஆய்வகத்தில் நாம் தட்டிப் பார்க்கும் இசைக்கவையைத் தட்டி ஆயாவின் கணுக்கால் எலும்பில் வைத்தார். அதிர்வு தெரியவில்லை என்றார் ஆயா. பாதங்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார், சாய்ந்துவிட்டார். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். தாத்தா இறந்தபின் வடலூர் வள்ளலார் நெறியில் நின்று கவிச்சியை விட்டு முப்பதாண்டு. பாலும் காப்பிக்கு ஊற்றும் ஒரு கரண்டிதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பன்னிரண்டு ஆண்டாக. அது நெடுங்காலத்தில் பி-12 ஏறுவதைக் குறைக்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம். இரத்தத்தில் பி-12 அளவு பார்த்ததில், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. தைராய்டையும் சோதித்தார், மூளையைப் படம் எடுக்கச் சொன்னார். தைராய்டு சுரப்புக் குறைவு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கட்டிய இரத்தம், மூளைநீர்த் தேக்கம், மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகியவையும் இதேபோல் முதுமை வேடம் போட்டு வருமாம். இவற்றுள் மூளைநீர்த் தேக்கத்தைக் கொலம்பிய நாட்டு அறுவை மருத்துவர் ஹக்கீம் 1965-இல் விளக்கினார். கால் தரையில் ஒட்டியதுபோன்ற நடை, அடக்க முடியாத சிறுநீர், மறதி என்னும் மூன்றும் சேர்ந்து வரும். நீரை வடித்துவிடக் குழாய் வைத்தால் பலர் எழுந்து நடக்கிறார்கள். ஆயாவுக்கு அவை எதுவும் இல்லை. எல்லா மறதியும் ஊசியால் தீராது என்பதையும் மருத்துவர் சொல்லத் தவறவில்லை. அல்சைமர் நோய்க்கு இந்த மருந்து மருந்தன்று. பி-12 குறைவேயானாலும் காலம் கடந்தால் போனது முழுவதும் திரும்பாது.

முதலில் நாள் விட்டு நாள், பின் வாரம் ஒன்று, பின் மாதம் ஒன்று என்று சிவப்பு ஊசி போடப்பட்டது. வள்ளலார் நெறிக்கு இது ஆகுமா என்று ஆயா தயங்கினார். இப்போது இதை ஈரலிலிருந்து எடுப்பதில்லை, நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கிறார்கள் என்று விளக்கிய பிறகே கையை நீட்டினார். ஒரு மாதத்தில் நாக்கு எரிச்சல் நின்றது. மூன்றாம் மாதம் மருமகளிடம் சுருக்குப் பையைத் தாமே கொடுத்து எண்ணச் சொன்னார். ஐந்தாம் மாதம் சீட்டுக் கணக்கு மறுபடி அவரிடம் வந்தது. ஆனால் இப்போது என் தங்கை ஒரு நோட்டில் எழுதியும் வைக்கிறாள், ஆயாவுக்கு அதில் சிறிது வருத்தம்தான். மாதம் பிறந்தால் ஊசிக்கு நாளாகிவிட்டதென்று நினைவுபடுத்துபவர் அவரே. வலக்கால் விரல்கள் மட்டும் இன்னமும் மரத்தே இருக்கின்றன. அந்தக் காலுக்கு வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.